பிளேட் போடுகிற நாள்: சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பிய ஒரு மேசன் பற்றிய நிகழ்வு ஆய்வு

குடியை விட்டவர்கள் வேலைக்குத் திரும்ப உதவுவது என் வேலை. அவர்களில் ஒருவரான இந்த மேசனின் ஃபைலை நான் ஒருமுறை மூடியிருக்கிறேன். பங்குனி மாதம். கடைசிப் பக்கத்தில் "வேலைக்குத் திரும்பியுள்ளார்" என்று ஒரு வரி எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து அலுமாரிக்குள் தள்ளினேன். பதினைந்தாம் நாள் அதைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டி வந்தது. அந்த ஒரு வரிக்குள் நான் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் இங்கே விஷயம்.

ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "போடுங்கோ மிஸ், அந்தச் செத்தவீட்டுக் கதையை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றார். எடுத்துவிட்டேன்.

ஆள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமம். நாற்பதைத் தாண்டிய மேசன். மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். 1995 யுத்த இடப்பெயர்வில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்த பெடியன்களில் ஒருவர். படிப்பு அதோடு குழம்பிப் போனது. பதினேழு வயதில் மாமாவோடு கட்டட வேலைக்குப் போனார். வேலை பழகிய அதே கிழமையில் கள்ளுத் தவறணையும் பழக்கமானது. பின்னேரம் கள்ளு வார்த்த ஓலைப் பிளாவை நீட்டியதும் மாமாதான். அதில் யாரும் பிழை காணவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக் கூடாது என்ற சட்டம் 2006 இல்தான் வந்தது. அதற்குள் இவர் சாராயத்துக்கு மாறிவிட்டார்.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு வடக்கில் எங்கு பார்த்தாலும் வீடு எழும்பிய காலம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5.5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்; வெளிநாட்டுக் காசில் மாடி வீடுகளும் ஏறின. கை சுத்தமான மேசனுக்கு ஓய்வே இல்லை. இவர் அப்போதும் குடித்தார், ஆனால் உழைப்புக்குள் அடங்கிய குடி. 2022 இல் சீமெந்து மூடை 3,000 ரூபாயைத் தாண்டியபோது கட்டிக்கொண்டிருந்த வீடுகள் பாதியில் நின்றன. வேலை இல்லை, ஆனால் உடம்பு பழகிவிட்டது. சாராயம் கட்டுப்படியாகாமல், களவாகக் காய்ச்சுகிற கசிப்புக்கு இறங்கினார். விடிய ஒரு கால் போத்தல் உள்ளே போகாவிட்டால் சாந்தகப்பையைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கும். போனால் நடுக்கம் நிற்கும். "குடிச்சால்தான் இவருக்கு வேலை ஓடும்" என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னது இதைத்தான். இராத்திரி முழுக்க மது கிடைக்காத உடம்பு விடியக் காட்டும் நடுக்கம் அது. அதை மருந்து போல மதுவாலேயே அடக்கிக்கொண்டிருந்தார்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு காசு முடிந்தது. மனைவியின் அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: "இரண்டு நாள் அறைக்குள்ள அடைச்சு வையுங்கோ, சரியாப் போடும்." அடைத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் வலிப்பு வந்து கதவோடு விழுந்தார்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அடைத்து வைக்கிற வைத்தியம் எங்கள் ஊர்களில் இன்னும் நடக்கிறது. நாள்தோறும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென நிறுத்தினால், நிறுத்திய ஆறு மணித்தியாலத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் ஆள் மாறிப் பேசுவது, இல்லாததைக் காண்பது, உடம்பு கொதிப்பது எல்லாம் சேர்ந்து வரலாம். அது உயிரை எடுக்கும். ஹெரோயினை நிறுத்தினால் நரக வேதனை, ஆனால் அந்த வேதனையே ஆளைக் கொல்வது அரிது. மதுவில் நிலைமை வேறு. படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கும் மருந்தும், பி1 விற்றமினும், பக்கத்தில் தாதியும் இல்லாமல் செய்கிற காரியம் இல்லை அது. நல்ல வேளை, மூத்த மகள் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

வைத்தியசாலையில் மூன்று கிழமை. வெளியே வரும்போது கை நடுக்கம் நின்றிருந்தது, நித்திரை மட்டும் சீராகவில்லை. அங்கிருந்துதான் என்னிடம் அனுப்பினார்கள்.

முதல் தடவை

அவசரம் அவருடையது மட்டும் இல்லை. மனைவி எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக் கிழமை வாசலில் ஆள் வந்து நிற்கும். தாலிக்கொடி அடகில். "இன்னும் இரண்டு மாதம் வீட்டிலேயே இருங்கோ" என்று நான் சொல்லியிருந்தால் அது வயிறு நிறைந்தவளின் அறிவுரையாகத்தான் போயிருக்கும். ஆறாவது கிழமையில் வேலைக்குப் போவது என்று முடிவாயிற்று.

பத்து வருடமாக அவரை வைத்து வேலை செய்விக்கிற கொந்தராத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அறுபது கடந்தவர். அவரோடு கதைக்க இவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் தொலைபேசி எடுத்தேன். சிகிச்சை பற்றிய தகவல் இரகசியம் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் "உடம்பு சரியில்லாமல் இருந்தவர், கொஞ்ச நாளைக்கு இலேசான வேலை கொடுத்தால் நல்லது" என்று மட்டும் சொன்னேன். மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பிள்ளை, அவன் எத்தினையாம் கட்டிலில படுத்தவன் எண்டும் எனக்குத் தெரியும்." ஊருக்கே தெரிந்த ஒன்றை நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் கேட்டதை அந்த மனுசன் அப்படியே செய்தார். இலேசான வேலை என்றால் கட்டடத்தில் என்ன? மேசன் வேலை இலேசு இல்லை. ஆகவே மண் அரிக்கவும், கலவை குழைக்கவும், கல்லு எடுத்துக் கொடுக்கவும் விட்டார். கூலியாள் சம்பளம். இருபது வருடத்துக்கு மேலாகச் சுவர் கட்டிய ஆள், தான் வேலை பழக்கிய பெடியனுக்குக் கல்லு தூக்கிக் கொடுத்தார். பெடியன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினானாம். உடம்புக்குப் பார்த்தாலும் கலவை குழைப்பது சுவர் கட்டுவதை விடப் பாரம். "இலேசான வேலை" என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்திருந்தேன். சைட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை தப்பினார். இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குச் சம்பளம் கையில் வந்தது, குறைந்த சம்பளம். பங்குனி, பனங்கள்ளு நன்றாக இறங்குகிற காலம். சைட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் தவறணை. ஒரு பிளாவோடு எழும்பலாம் என்று இருந்தாராம். திங்கட்கிழமை மனைவி எனக்கு எடுத்தார். "அக்கா, திரும்ப வெளிக்கிட்டிட்டார்." அதன் பிறகு ஆறு கிழமை அவர் என்னிடமும் வரவில்லை, வேலைக்கும் போகவில்லை. கொந்தராத்துக்காரரின் முகத்தில் முழிக்க வெட்கம்.

அந்த ஆறு கிழமையை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒருநாள் குடித்ததால் வந்த சேதம் கொஞ்சம். அதற்குப் பிறகு ஒளித்திருந்ததால் வந்தது பெரிது.

சீமெந்து பில்லின் பின்பக்கம்

வைகாசியில் இரண்டாம் தடவை உளநலப் பிரிவுக்குப் போய், இம்முறை நேரத்தோடு மருந்து எடுத்து, வலிப்பு இல்லாமல் நிறுத்தினார். ஈரல் பரிசோதனை பார்த்த பிறகு டாக்டர் டைசல்ஃபிரம் குளிசை தொடங்கினார். காலையில் மனைவியின் முன்னால் போடுவது என்று ஏற்பாடு. இந்தக் குளிசை குடிக்கிற ஆசையைக் குறைக்காது. இது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுத்து, ஆபத்தான நிலைக்கும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு கிழமை வரை அந்த வேலையைக் காட்டும். அதுதான் இதன் கெட்டித்தனம்: இன்று பின்னேரம் குடிக்க வேண்டுமென்றால் அதை இரண்டு கிழமைக்கு முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும். ஒழுங்கையில் தவறணையைக் கண்டதும் வருகிற ஆசைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இம்முறை நான் தொலைபேசியில் முடிக்கவில்லை. கொந்தராத்துக்காரரின் வீட்டு விறாந்தையில் நாலு பேர் இருந்தோம்: அவர், மனைவி, கொந்தராத்துக்காரர், நான். பிளேன்ரீயும் கடிக்கப் பனங்கட்டியும் வந்தன. கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. பிறகு இவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மண் குழைக்க விடுறதெண்டால் நான் வரேல்லை அண்ணை." கொந்தராத்துக்காரர் என்னைப் பார்த்தார். நானும் நிலத்தைப் பார்த்தேன்.

அடுத்த ஒரு மணித்தியாலத்தில் பேசியதை கொந்தராத்துக்காரர் ஒரு பழைய சீமெந்து பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். அந்தத் தாளின் படம் என் ஃபைலில் இருக்கிறது. மேசனாகவே திரும்புவது, மேசன் சம்பளத்தில். ஆனால் டாக்டர் சொல்லும்வரை சாரத்தில் ஏறுவதில்லை. வலிப்பு வந்த ஆள் உயரத்தில் நிற்கக் கூடாது என்ற காரணத்தை எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்வது. அதுவரை அத்திவாரமும், நிலத்தில் நின்று கட்டக்கூடிய சுவர் உயரமும் அவருடையது. அந்த மாதம் கையில் இருந்த இரண்டு சைட்டிலும் அந்த வேலை இருந்தது. இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு நடந்திருக்காது. சனிக்கிழமைச் சம்பளத்தை சைட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. கொந்தராத்துக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் இவர்கள் வாசலில் நிறுத்தி இவர் கையிலேயே கொடுப்பது. மனைவி கையில் கொடுக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது மனைவியே மறித்தார். "வேண்டாம் அக்கா, அவற்ற உழைப்பு அவற்ற கையில வரட்டும். வாசலில வந்தால் காணும்."

கடைசியாக ஒரு வரி: வேலைக்கு வராவிட்டால் ஒன்பது மணிக்கு முதல் கொந்தராத்துக்காரர் வீட்டுக்கு எடுப்பார், பதில் இல்லாவிட்டால் எனக்கு. குடித்திருந்தாலும் மூன்று நாளுக்குள் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். வந்தால் வேலை இருக்கும், குடித்த நாளில் மட்டும் சைட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அடிப்பாகத்தில் 1990, பிறகு மனநல உதவிக்கான 1926, பிறகு என் இலக்கம்.

சர்வதேசத் தொழில் அமைப்பு 1996 இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையில், வேலைத்தலத்தில் மதுப் பிரச்சினையை ஏனைய நோய்களைப் போல ஒரு சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நல்ல வார்த்தை. ஆனால் அது மனிதவளப் பிரிவும், நியமனக் கடிதமும், லீவுப் படிவமும் உள்ள இடங்களைக் கண்முன் வைத்து எழுதியது போல இருக்கும். எங்கள் மேசன்மாருக்கு ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதி இல்லை, சுகவீன லீவு இல்லை. அந்த பென்சில் எழுத்துதான் இவருடைய நியமனக் கடிதம்.

பிளேட்

கட்டட வேலையில் எல்லா நாளும் ஒரே ஆபத்து இல்லை. மேல்தளக் கொங்கிறீட் போடுகிற நாளை எங்கள் பக்கத்தில் பிளேட் போடுகிற நாள் என்பார்கள். தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. பாதியில் விட்டு இறுகிய கொங்கிறீட்டில் புதிது சேர்த்தால் இரண்டும் ஒட்டாமல், பிறகு அந்த இடத்தால் மழைத்தண்ணி இறங்கும். ஆகவே விடியத் தொடங்கி, முடிகிற வரைக்கும் ஓட்டம்தான். சாப்பாடு ஆளாளுக்கு மாறி மாறி, அவசரத்தில் இரண்டு வாய். முடியும்போது எல்லோருக்கும் பசி, களைப்பு, வெயில் தலையிடி, கூடவே பெரிய வேலை ஒன்றை முடித்த புளுகம். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போத்தலைக் கொண்டுவருவார். அது சம்பளம் இல்லை, மரியாதை. வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்றது போல.

போதையிலிருந்து மீள்பவருக்குப் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நாலையும் கவனி என்று உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் இரண்டை நிச்சயமாகக் கொண்டுவரும் ஒரு நாள் இந்தத் தொழிலின் கலண்டரிலேயே இருக்கிறது, திகதி முன்கூட்டியே தெரியும். பல வருடமாக மேசன்மாரோடு கதைத்தும் நான் அதைக் கேட்டு வைக்கவில்லை. சொன்னது அவர்தான். "மிஸ், மற்ற நாள் நான் பாப்பன். பிளேட் அண்டைக்கு என்ன செய்யிறது?"

ஆனியில் முதல் பிளேட். நான் போய்ப் பார்த்தேன், ஒரு முருங்கை மரத்தடியில் நின்று. மிக்ஸர் இரைய, கையோடு கை மாறி வாளிகள் மேலே போக, இவர் கீழே நின்று கலவையின் தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸரிலிருந்து கொட்டுகிறதில் ஒரு பிடி எடுத்து, அமத்தி, விரித்துப் பார்ப்பார். "தண்ணி கூட" என்பார். பெடியள் உடனே குறைப்பார்கள். மேலே ஏற விடாத ஆளுக்குக் கொந்தராத்துக்காரர் கண்டுபிடித்த இடம் அது, கூலியாளின் வேலை இல்லை.

இரண்டரை மணிக்கு, மற்றவர்களுக்கு முதல், இவரைக் கூப்பிட்டுச் சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து இருத்தினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டார். நாலு மணிக்கு வேலை முடிந்தது. வீட்டுக்காரர் சுவிஸிலிருந்து வந்து நின்றவர். இரண்டு போத்தலும் கோழிக்கறியும் தயார். கொந்தராத்துக்காரர் முதலே சொல்லி வைத்திருந்தார்தான், ஆனால் அந்த மனுசன் சந்தோசத்தில் அதை மறந்துவிட்டார். கிளாஸை இவரிடம் நீட்டி, "இண்டைக்கு ஒரு நாள்தானே தம்பி" என்றார்.

இவர் இரண்டு கையையும் துடைத்தார். சீமெந்து காய்ந்து விரல் இடுக்கெல்லாம் வெள்ளை. "குளிசை போடுறன் அண்ணை, குடிச்சால் சத்தி வரும். அந்தக் கோழிக்கறியைத் தாங்கோ." அவ்வளவுதான். வீட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை, மேலே கேள்வியும் வரவில்லை. "நான் குடியை விட்டிட்டன்" என்று சொல்லியிருந்தால் அங்கே ஒரு விவாதமே நடந்திருக்கும். எத்தனை நாளுக்கு என்று ஒருவர் பந்தயமும் கட்டியிருப்பார். குளிசையோடு யாரும் விவாதம் செய்வதில்லை.

எல்லாம் நல்லபடி என்று சொல்ல மாட்டேன். அடுத்த பிளேட்டிலிருந்து கொந்தராத்துக்காரர் போத்தலுக்குப் பதில் அந்தக் காசை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி வீட்டுக்காரர்களைக் கேட்கத் தொடங்கினார். கூட வேலை செய்யும் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "ஒருத்தனுக்காக எங்கட போத்தலையும் நிப்பாட்டுறீங்களோ?" அவர் சில மாதம் இவரோடு கதைக்கவே இல்லை. அவருடைய கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்கு இப்போதும் படுகிறது.

நல்லூர்க் கொடி

ஆடி அமாவாசை கழிந்து நல்லூரில் கொடி ஏறியது. இருபத்தைந்து நாள் திருவிழா. குடிக்கிற பலரும் அந்த நாட்களில் தொடமாட்டார்கள், மீன், இறைச்சி என்று மச்சமும் இல்லை. இவருக்கு மாதக்கணக்காகத் தனியாக இழுத்த தேரை ஊரே சேர்ந்து இழுத்தது மாதிரி. என்னிடம் வந்தபோது முகமே தெளிந்திருந்தது. அந்தத் தெளிவில் நானும் மயங்கினேன். குளிசை போடுகிறாரா என்று கேட்கவில்லை.

போடவில்லை. கொடியேறிய அன்றே நிறுத்தியிருக்கிறார். "முருகன் பாத்துக்கொள்ளுவார், விரதத்தோட என்னத்துக்கு மருந்து" என்று மனைவியிடம் சொல்ல, அவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. குளிசையின் காவல் இரண்டு கிழமை. திருவிழா இருபத்தைந்து நாள். தீர்த்தம் முடிந்து ஊர் தன் பழைய பின்னேரங்களுக்குத் திரும்பியபோது இவர் உடம்பில் எந்தத் தடையும் இருக்கவில்லை. இரண்டு நாள் குடித்தார்.

இங்கேதான் பென்சில் எழுத்து வேலை செய்தது. முதல் நாள் எட்டே முக்காலுக்கு கொந்தராத்துக்காரர் வீட்டுக்கு எடுத்தார். ஒன்பதேகாலுக்கு எனக்கு. மனைவியிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: அறைக்குள் அடைக்க வேண்டாம், நடுக்கமோ பிதற்றலோ கண்டால் 1990. மூன்றாம் நாள் விடிய, குடிக்காமல், சவரம் செய்து, சைட்டுக்குப் போய் வெளியே மதிலடியில் நின்றிருக்கிறார். கொந்தராத்துக்காரர் கண்டுவிட்டு, "என்ன பாக்கிறாய், கிளினிக்குக்குப் போட்டு நாளைக்கு வா" என்றாராம். நாலாம் நாள் வேலையில் நின்றார். பங்குனியில் ஆறு கிழமை எடுத்த தூரம் இது.

டாக்டர் குளிசையைத் திரும்பத் தொடங்கினார். அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் இவரைக் கூப்பிட வேண்டும் என்று நான் என் டயரியில் எழுதி வைத்தேன்.

இப்போது

மார்கழியில் டாக்டர் சாரத்தில் ஏற அனுமதி கொடுத்தார். நித்திரை இன்னும் சில நாட்களில் குழம்பும். நுண்கடன் முடிந்தது, தாலிக்கொடி அடகில்தான். நான் இப்போது யாரையும் வேலைக்கு அனுப்புவதற்கு முதல் சம்பளம் என்ன கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், வீட்டுக்குப் போகிற வழியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். ஒரு மீன்வாடிக்காரர் சிரித்துவிட்டு, "சி.ஐ.டி. மாதிரிக் கேக்கிறியள்" என்றார்.

கடந்த கிழமை இவர் வந்திருந்தார். பத்து நிமிடம் மகளின் பரீட்சை பற்றிக் கதைத்தோம். எழும்பும்போது என் மேசைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி நின்றார். சேர்ட் பொக்கற்றில் இருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை எடுத்தார். நூலின் தலையைச் சுவரின் மேல் மூலையில் பெருவிரலால் அமத்திப் பிடித்துக் குண்டைக் கீழே விட்டார். குண்டு கொஞ்சம் ஆடி, நின்றது. நூலைப் பிடித்த கையில் அசைவே இல்லை. குனிந்து இடைவெளியைப் பார்த்தார்.

"மிஸ், அரை இஞ்சி வெளியில நிக்குது. ஆர் கட்டினது?"